வரிசையில் நின்ற செங்கல்

ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் தெருவே நின்று சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

காரணம் ஒரு செங்கல். அந்தச் செங்கல் மட்டும் இல்லையென்றால் சுந்தரபாண்டி என்கிற மனிதர் இந்நேரம் ஹைதராபாத்தில் ஏதோ ஒரு கேட்டுக்கு முன்னால் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருப்பார். என்ன உளறுகிறாய் என்கிறீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் குழம்பினால் என்னைத் திட்டாதீர்கள்… உங்களைவிட நான்தான் அதிகம் குழம்பிப்போயிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'கம்ப்யூட்டர் என்பது கண்ணாடி மாட்டிய டைப்ரைட்டர்' என்று இங்கே ஒருமுறை எழுதித் தொலைத்தேன். வந்தது பாருங்கள் கடிதங்கள்! சாத்தூர் வாசகி ஒருவர், 'தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதத் தனித் தைரியம் வேண்டும், அது உங்களிடம் நிறைய இருக்கிறது' என்று பாராட்டியிருந்தார். பாராட்டா அது?

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் நின்றேன். "எந்தக் கோர்ஸ்ல சேரப் போறீங்க?" என்றார்கள். "எது புதுசோ அதுல" என்றேன். வாய்க்கொழுப்பு! "ஜாவா" என்றார்கள். மூன்று மாதம். முடிவில் பரீட்சை, சர்டிபிகேட்.

வேடிக்கை என்னவென்றால், எண்பத்திரண்டில் இதே மாடியில்தான் நான் டைப்ரைட்டிங் லோயர் படித்தேன். அதே படிக்கட்டு, அதே ஜன்னல், கீழே அதே டீக்கடை. அப்போது தப்பாக அடித்தால் பேப்பரில் தப்பு தெரியும். அதுபோதும் எனக்கு. இப்போதோ, எங்கே தப்பு என்று அந்தப் பெட்டிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆறு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பேர். இரண்டு பேருக்கு ஒன்று. மற்ற பத்துப் பேரும் காலேஜ் முடித்த பிள்ளைகள், தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். மிச்சம் நானும் சுந்தரபாண்டியும்.

முதல் நாள் பத்மா மேடம் அட்டெண்டன்ஸ் எடுத்தார். எங்கள் வாத்தியார் அவர்தான், இருபத்து மூன்று வயது இருக்கும். "சுந்தரபாண்டி" என்று கூப்பிட்டதும் என் பக்கத்து நாற்காலி பின்னால் சரிந்தது. மனிதர் விறைப்பாக எழுந்து நின்று நம்பர், ரேங்க், பேர் மூன்றையும் ஒரே மூச்சில் கத்தினார். கீழே டீக்கடையில் கிளாஸ் உடைந்ததாகக் கேள்வி.

"பேரை மட்டும் சொன்னாப் போதும் சார்" என்றார் மேடம், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு.

"பதினேழு வருஷப் பழக்கம் மேடம். ரேங்க் இல்லாமச் சொன்னா யாரையோ சொல்லுத மாதிரி இருக்கு."

இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரபாண்டிக்கு வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, முப்பத்தாறு வயதில் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். தினமும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறுவார், நானும் அதே பஸ்ஸில் ஏறுவேன். பத்தாவது நாளுக்குள் நான் அவருக்கு அக்கா.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். "ஏன் தம்பி, நான் ரோஷத்துல சேர்ந்தேன். நீங்க எதுக்கு இந்த வயசுல?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தது.

"துப்பாக்கி பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு அதத்தான் குடுக்குதாக. ராஜபாளையத்துல ஒரு மில்லு ஸ்டோர்ஸ்ல கம்ப்யூட்டர் பாக்க ஆளு கேக்காக. பட்டாளத்துக்காரன்னா முன்னுரிமை. ஆனா சர்டிபிகேட் வேணும், ஒண்ணாந் தேதிக்குள்ள. அது கெடச்சா சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவேன். இல்லன்னா பழையபடி பெட்டியத் தூக்கணும்க்கா."

"போய்ட்டு லீவுல வரலாம்ல?" என்றேன், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எம் மகளுக்கு ஒம்பது வயசு. நான் வந்து ஆறு மாசமாச்சு. இன்னும் எனக்கு வெருந்தாளி தம்ளர்லதான் காப்பி குடுக்கா. மேல் தட்டுல இருக்குல்ல, பளபளன்னு… அத எடுத்துத் தொடச்சுக் குடுக்கா."

நான் அதற்கப்புறம் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

பரீட்சைக்கு ஒவ்வொரு ஜோடியும் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். நான் சமையல் குறிப்பு என்றேன். அவர் எடுத்தவுடன் தள்ளுபடி செய்தார்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டாளத்துல ஆளு இருக்கு. எந்த வீட்டுப் பய எங்க இருக்கான்னு ஒரு எடத்துல எழுதி வச்சா ஊருக்கும் ஒதவும்லக்கா?"

சரி என்றேன். இனி வருவதுதான் ஜாவா. பயப்படாதீர்கள், நான்கே பாரா.

ஜாவாவில் 'கிளாஸ்' என்று ஒன்று உண்டு. அச்சடித்த படிவம் மாதிரி. நாங்கள் 'வீடு' என்று ஒரு கிளாஸ் எழுதினோம். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று, குடும்பத் தலைவர் பேர். இரண்டாவது, அந்த வீட்டிலிருந்து இப்போது பட்டாளத்தில் இருப்பவர்களின் பட்டியல். பட்டியலுக்கு ஜாவாவில் வெக்டர் என்று பேர். எங்கள் பட்டியலுக்கு 'ஆட்கள்' என்று பேர் வைத்தோம். ஆக, படிவத்தில் 'வெக்டர் ஆட்கள்' என்று எழுதியாகிவிட்டது. (நிஜத்தில் எல்லாம் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர். ஒரு புது வீட்டைப் பதியும்போது ஒரே ஒரு தடவை ஓடுகிற பகுதி. பால் காய்ச்சிக் குடிபோவது என்று வைத்துக்கொள்ளுங்களேன். "லிஸ்ட்டை கன்ஸ்ட்ரக்டர்ல உருவாக்கிடணும்" என்று பத்மா மேடம் படித்துப் படித்துச் சொன்னார். எதற்கு உருவாக்க வேண்டும்? அதுதான் மேலே எழுதியாகிவிட்டதே? கேட்டேன். "எழுதினா உருவானதா அர்த்தம் இல்லக்கா" என்றார். தலையாட்டினேன். புரியவில்லை.

நோட்டில் இருந்ததை நான் வாசித்தேன், அவர் அடித்தார். "ஆட்கள் ஈக்குவல் டு நியூ வெக்டர்." அவர் விரல் நின்றது.

"மொட்டையா 'ஆட்கள்'ன்னா எழுதியிருக்கீக? மேல 'வெக்டர் ஆட்கள்'ன்னு ரேங்க்கோட இருக்கே. இங்க ரேங்க் விட்டுப்போச்சேக்கா."

"நான் எழுதும்போது விட்டிருப்பேன். போடுங்க தம்பி, மரியாதையா இருக்கட்டும்."

போட்டார். 'வெக்டர் ஆட்கள் = நியூ வெக்டர்'. இரண்டு பேருக்கும் திருப்தி. நம் ஊரில் பெரியவர்களை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவர்களா நாம்?

அன்றைக்குப் பிடித்தது சனியன்.

எழுதியதைக் கம்ப்யூட்டர் சோதித்துப் பார்க்கும். அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓட்டினோம். முதல் வீட்டைப் பதிந்தோம், சரி. அந்த வீட்டுக்கு முதல் ஆளைச் சேர்த்தோம். அவ்வளவுதான்! திரை முழுக்க இங்கிலீஷில் ஏதோ புலம்பியது. 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' என்றது. கூடவே ஒரு வரி நம்பர். அந்த வரியைப் போய்ப் பார்த்தால், அது ஆளைச் சேர்க்கிற வரி. அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"எதிரி இருக்குத எடத்துக்கு நம்பர் குடுக்குதான். போய்ப் பாத்தா அங்க ஒருத்தனும் இல்ல" என்றார் சுந்தரபாண்டி.

இரண்டு வாரம். முழுசாக இரண்டு வாரம்! அந்த வரியை அழித்து அழித்து அடித்தோம். பேரை மாற்றினோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். நாற்காலியை மாற்றி உட்கார்ந்தோம். எழுதியதைச் சேமித்து வைத்த பிளாப்பி கெட்டுவிட்டதோ என்று புது பிளாப்பி வாங்கினோம். புது பிளாப்பியிலும் அதே நல் பாயின்டர். இரண்டாயிரம் வருஷம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 'இதற்கு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது போல' என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எரிச்சல், அவருக்குப் பயம். இரண்டும் ஒரே கீபோர்டில் உட்கார்ந்திருந்தன.

கடைசி வகுப்பில் பத்மா மேடத்தைப் பிடித்து உட்கார வைத்தோம். அவருக்கு அன்று செட்டியார்பட்டியில் அக்கா கல்யாணம், கையில் பை, வாசலில் ஆட்டோ. எட்டிப் பார்த்தார்.

"கன்ஸ்ட்ரக்டர்ல நியூ போட்டிருக்கீங்களா? போட்டிருக்கீங்க. கரெக்டாத்தான் இருக்கு. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க சார். நான் திங்கட்கிழமை வந்துடுவேன்."

பரீட்சை சனிக்கிழமை. மேடத்தின் மேல் தப்பில்லை. நியூ இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மரியாதை உட்கார்ந்திருந்ததை யார் கண்டார்கள்?

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணிக்கே சுந்தரபாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பேப்பரில் முழுவதையும் எழுதி வரி வரியாகப் பார்ப்பதாகத் திட்டம். கூட அவர் மனைவி முத்துச்செல்வி.

"அவிய வீட்டுக்கு வந்தா அக்கா சொன்னாக, அக்கா கேட்டாகன்னு ஒரே அக்காப் பேச்சு. மூணு மாசமா ஒரே பெட்டி முன்னால ஒக்காந்திருக்காகளே, யாரு அந்த அக்கான்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள், வாசலிலேயே. என் நரைத்த தலையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குத்தான் லேசாக வருத்தம்.

அன்று எங்கள் தெருவில் தண்ணீர் முறை. ஐந்து நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு என்பது ரகசியம். அதனால் விடியும்போதே வரிசை போட்டுவிடுவோம். மனுஷர்கள் நிற்க முடியுமா? செங்கல் நிற்கும். உடைந்த பானை நிற்கும். ஒற்றைச் செருப்பு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரி. என்னுடையது நீல பெயிண்ட் அடித்த செங்கல். அது எங்கே இருக்கிறதோ அது என் இடம், ஒருத்தரும் தள்ள மாட்டார்கள். தண்ணீர் வந்ததும் ஓடிப்போய்ச் செங்கலை எடுத்துவிட்டுக் குடத்தை வைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

நான் நான்கு குடங்களையும் புளி போட்டுத் தேய்த்து அடுப்படியில் வரிசையாக வைத்திருந்தேன். அப்புறம் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தோம். தப்பைத் தேடினோம், தேடினோம்… குடம் மறந்தே போனது.

"எக்கா!" என்று தெருவிலிருந்து பேச்சியம்மாள் கத்தினாள். எதிர்வீட்டுக்காரி. அவள் மெதுவாகப் பேசினாலே நான்கு வீட்டுக்குக் கேட்கும். "தண்ணி வந்துருச்சு! ஒங்க முறை! செங்கல்ல தண்ணி பிடிக்கவா?"

"குடம் எடுத்து வச்சாச்சு பேச்சி!" என்று நான் உட்கார்ந்தபடியே கத்தினேன்.

"எங்க வச்சிருக்கீக?"

"அடுப்படியில!"

தெரு சிரித்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும். ஓடிப்போய்ப் பார்த்தால், என் செங்கல்மேல் தண்ணீர் கொட்டி, நான்கு பக்கமும் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பேச்சி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். முத்துச்செல்விதான் நல்லவேளையாக இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

சுந்தரபாண்டி மட்டும் என் வீட்டு வாசலில் கையில் பேப்பரோடு அப்படியே நின்றார். பார்வை செங்கல்மேல்.

"அக்கா… நம்ம குடமும் உள்ளதான் இருக்கு."

"தெரியும் தம்பி, நாலுல ரெண்டு இன்னும் உள்ளதான் இருக்கு. எடுத்துட்டு வாங்களேன்!"

"அந்தக் குடத்தச் சொல்லலக்கா! கன்ஸ்ட்ரக்டரச் சொல்லுதேன்!"

தெருவில் சிரிப்பு நின்றது. கன்ஸ்ட்ரக்டர் என்றால் கொத்தனார் என்று பேச்சி நினைத்திருக்க வேண்டும், ஈரச் செங்கலைக் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளி வைத்தாள்.

அவர் தெருவிலேயே பேப்பரை விரித்தார். "இந்தா பாருங்க. படிவத்துல 'வெக்டர் ஆட்கள்'ன்னு எழுதுனமே, அது குடம் இல்லக்கா. அது செங்கல். எடம் பிடிச்சு வச்சிருக்கு, அம்புட்டுத்தான். அதுல ஒரு ஆளையும் போட முடியாது."

"சரி… ஆனா நாமதான் நியூ வெக்டர்னு குடம் வாங்கினோமே?"

"வாங்குனோம். எங்க வச்சோம்? ரேங்க்கோட 'வெக்டர் ஆட்கள்'ன்னு மறுபடி எழுதிட்டோம்ல. அதப் பாத்ததும் அது என்ன நெனச்சுச்சு? அதே பேர்ல புதுசா ஒருத்தன் சேந்திருக்கான்னு நெனச்சுக்கிடுச்சு. குடத்த அவன்கிட்டக் குடுத்து உள்ளேயே வச்சுக்கிடுச்சு. வேல முடிஞ்சதும் அவனையும் காணோம், குடத்தையும் காணோம். வாசல்ல செங்கல் அப்படியே நிக்கி."

"அதே பேர்ல இன்னொருத்தனா?"

"பட்டாளத்துல எங்க கம்பெனில ரெண்டு சுந்தரபாண்டி இருந்தோம். ஒரு தடவ எனக்குப் போட்ட லீவுல அவன் ஊருக்குப் போயிட்டான்" என்றார், அதே வேகத்தில்.

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. 'போடுங்க தம்பி, மரியாதையா இருக்கட்டும்' என்று சொன்னது யார்? நான்தானே! இந்த மனிதரை ஹைதராபாத்துக்கு ரயில் ஏற்றிவிட இருந்தது என் மரியாதைதான்.

"ஆக, பேரு இருக்கு, பொருள் இல்ல. அதுக்குப் பேருதான் 'நல்'லாம்" என்றார் சுந்தரபாண்டி, தனக்குத்தானே பாடம் எடுக்கிற மாதிரி.

முத்துச்செல்வி குழாயடியில் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"இதக் கண்டுபிடிக்க மூணு மாசமா? எங்கிட்டக் கேட்டா நான் சொல்லியிருப்பேனே. எங்க வீட்டு வாசச் செவுத்துல இவிய பேரு நீலப் பெயிண்ட்டுல இருக்கு. ஹவில்தார் சுந்தரபாண்டின்னு. லீவுல வந்தப்ப இவியளே எழுதுனது. பேரு இருந்துச்சு… பதினேழு வருஷமா."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் நகர்த்தவில்லை. பேச்சியம்மாள்கூட ஒன்றும் பேசவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

சாயங்காலமே ராஜபாளையம் போனோம். சென்டர் பூட்டிக் கிடந்தது. ஆகவே, சரிசெய்து ஓட்டிப் பார்க்காமலே பரீட்சைக்குப் போக வேண்டும். சரியாக இல்லாவிட்டால் அடுத்த பரீட்சை மூன்று மாதம் கழித்து. மில் அதுவரை காத்திருக்காது. ஹைதராபாத் காத்திருக்கும்.

சனிக்கிழமை. மதுரையிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார். தயார்செய்ய ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து நிமிஷம் என்றார். சுந்தரபாண்டி பிளாப்பியைப் போட்டு அந்த வரிக்குப் போனார். 'வெக்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய்க் கர்சரை நிறுத்தினார். அங்கேயே அது கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் இறங்கவில்லை.

"எடுத்துரவா அக்கா?"

"எடுங்க தம்பி."

"மொட்டையா நிக்குமே…"

"நிக்கட்டும்!"

ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பட்டாளத்தில் தோளிலிருந்து பட்டையைக் கழற்றியபோதும் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்னவோ. ரேங்க் போய், 'ஆட்கள்' மட்டும் நின்றது.

பரீட்சகர் வந்து உட்கார்ந்தார். முதல் வீட்டைப் பதியச் சொன்னார். பதிந்தோம். "ஒரு ஆளைச் சேருங்க." சுந்தரபாண்டி பேரை அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புலம்பல் வந்தால் சத்தம் எதுவும் வராது என்பதுகூட அப்போது மறந்துபோச்சு.

கண்ணைத் திறந்தேன். திரையில் ஒரு பேர். அதன் பக்கத்தில் 'ஒன்று'. அவ்வளவுதான். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தானாக ஏறிக்கொண்டே போனது. கடைசியாக மொத்தப் பட்டியலையும் காட்டச் சொன்னார். பதினான்கு வீடு. பதிமூன்றில் ஆட்கள். கடைசி வீட்டுக்கு நேரே சைபர்.

"சுந்தரபாண்டி வீடு… சைபர். உங்க வீடா? ஆளே இல்லாத வீட்டை எதுக்கு சார் சேர்த்தீங்க?"

"ஆளு இல்லாம இல்ல சார்" என்றார் சுந்தரபாண்டி, விறைப்பாக எழுந்து நின்று. "பட்டாளத்துல ஆளு இல்ல. வீட்டுல இருக்கான்."

பரீட்சகர் அவரை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். "லிஸ்ட் காலியா இருந்தாலும் விழாம நிக்குது. குட்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு அதுவும் புரியவில்லை. பாஸ் என்பது மட்டும் புரிந்தது.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சர்டிபிகேட் வந்தது. மில் வேலை கிடைத்தது. ஹைதராபாத்துக்கு வரவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. படித்த படிப்பை வீணாக்குவானேன் என்று அடுத்த தண்ணீர் முறைக்குச் செங்கல் வைக்கவில்லை. விடிகாலையிலேயே நல்ல குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் குடத்தைக் காணோம். எதற்காகச் செங்கல் வைக்கிறோம் என்று ஜாவாக்காரர்களுக்கு யாராவது எழுதிப் போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகாராஜபுரம் போயிருந்தேன். 'வந்து சாப்பிட்டுப் போங்க' என்று முத்துச்செல்வி ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாசலில் சுந்தரபாண்டி ஸ்டூல்மேல் நின்றிருந்தார். பழைய ஹவில்தார் பேரைச் சுண்ணாம்பு அடித்து அழித்திருந்தார்கள். கையில் பிரஷ், பக்கத்தில் சின்ன டப்பாவில் நீலப் பெயிண்ட்.

"வாங்கக்கா. ரேங்க் இல்லாம வெறும் பேரு எழுதணும். எழுத்து எம்புட்டுப் பெருசு வச்சா நல்லாருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து முத்துச்செல்வியின் குரல் வந்தது.

"இப்ப எதுக்குப் பேரு? எழுதி வச்சுட்டு எங்கயும் கெளம்புதீகளா?"

பிரஷ் டப்பாவுக்குள் போனது.

அவர்கள் மகள் இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். பளபளவென்று துடைத்த தம்ளரை என்னிடம் நீட்டினாள். இன்னொன்று, விளிம்பு நெளிந்து, அடி கறுத்து, தினமும் புழங்குகிற தம்ளர். அதை ணங்கென்று ஸ்டூல் ஓரத்தில் வைத்துவிட்டு, "ஆறிரும், குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

சுந்தரபாண்டி ஸ்டூலிலிருந்து இறங்கி அந்த நெளிந்த தம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். என்னிடம் காட்டினார். பிறகு ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். நானும் அவசரமாக என் காப்பியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வாசல் சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறதாம்!